ஐடிஐக்கு ஆன்லைன் கிளாஸ், எங்க இருந்து ஆரம்பிக்கறது?

கேள்வி: எங்க ஐடிஐல ஃபிட்டர், வெல்டர் ரெண்டு டிரேடு. தியரிய ஆன்லைனுக்கு கொண்டு போக பிளான் போடச் சொல்லிட்டாங்க, பாதி பசங்ககிட்ட அப்பாவோட போன்தான், அதுவும் ராத்திரிதான் கைக்கு வரும். என்ன பண்ணலாம்?

பதில்: லைவ் கிளாஸே வேணாம் சார். ஐடிஐ புத்தகம் போடற மத்திய அரசு நிறுவனம் நிமியோட மாக் டெஸ்ட் ஆப், அரசோட பாரத் ஸ்கில்ஸ் தளத்துல கேள்வி வங்கி எல்லாம் இலவசமாவே கிடக்கு. வெர்னியர் காலிப்பர்ல (நுணுக்கமா அளக்கற கருவி) ரீடிங் எடுக்கறத உங்க வொர்க்‌ஷாப்லயே 5 நிமிஷ வீடியோவா எடுத்து வாட்ஸ்அப்ல போடுங்க, ராத்திரி பாத்துட்டு காலைல வந்து அளந்து காட்டட்டும்.

இன்னொரு பதில்: வெல்டிங்குக்கு இது ஆகாதுங்க. ஆர்க் சத்தம் சீரா வருதான்னு பக்கத்துல நின்னாதான் தெரியும். அது 1 வருஷ கோர்ஸ் வேற, தியரில மிச்சமாகுற நேரத்த வெல்டிங் அடிச்சுப் பழகற பூத்துக்கு குடுங்க.

கேட்டவர்: நன்றி. வெர்னியர்ல இருந்தே ஆரம்பிக்கறேன், பாதி பேருக்கு அதான் இன்னும் குழப்பம்.