கார்பன்-14: நாலாவது கை என்னாகும்?

காரைக்குடி மக்களே, பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகளின் கேள்வியில் மாட்டி இரண்டு நாளாக முழிக்கிறேன்.

கார்பன்-14 அணுக்கருவில் 6 புரோட்டான், 8 நியூட்ரான். பீட்டா சிதைவில் ஒரு நியூட்ரான் புரோட்டானாகி, அணு நைட்ரஜன்-14 ஆகிவிடும். அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம், சுமார் 5730 ஆண்டு. ஐயா வீட்டு பர்மா தேக்குத் தூணை வெட்டி நூறு வருஷம் என்று வைத்தால், வெட்டிய பிறகு அதிலிருந்த கார்பன்-14-இல் சிதைந்தது 1.2 சதவீதம்தான். இந்தக் கணக்கு வரை சரி, கெத்தாகத்தான் இருந்தேன்.

"மரத்தில் அந்தக் கார்பன் நாலு பிணைப்பு போட்டிருக்குமே அப்பா, நைட்ரஜனுக்கு வழக்கமா மூணுதானே? நாலாவது கை என்னாகும்?" என்றாள்.

அறுந்துவிடுமா, நேர்மின்சுமையோடு அப்படியே நிற்குமா? செக்ரியில் (நம்மூர் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) வேலை பார்க்கிறவர்கள், வேதியியல் ஆசிரியர்கள் யாராவது அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்களேன். எனக்கும் சேர்த்துத்தான்.