ரேடியம் பூசிய பழைய கடிகாரம் ஒளிராமல் போனது எப்படி? தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. கதிரியக்கம், ஒளிரும் பொருட்கள் பற்றிப் படித்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் வழிகாட்டுங்கள்.

எங்கள் தாத்தாவின் அலாரம் கடிகாரம், 1950களில் வாங்கியது. கதிரியக்கத்தைக் காட்டும் கைகர் கருவியை அருகில் கொண்டுபோனாலே படபடவெனச் சத்தம் கேட்கிறது. ஆனால் இருட்டில் ஒரு எண்கூடத் தெரிவதில்லை. பூச்சு பழுப்பேறியிருக்கிறது. புற ஊதா டார்ச் அடித்தால் மங்கலாகப் பச்சை வருகிறது, டார்ச்சை அணைத்ததுமே போய்விடுகிறது.

ரேடியம்-226இன் அரை ஆயுள் (பாதி அளவு சிதைந்து தீர ஆகும் காலம்) சுமார் 1600 ஆண்டுகள். அதனால் ரேடியம் தீர்ந்துபோக வாய்ப்பே இல்லை. கெட்டுப்போனது, பூச்சில் ரேடியத்தோடு கலந்திருக்கும், ஒளி தரும் துத்தநாக சல்பைடுதான். ரேடியம் உமிழும் ஆல்ஃபா துகள்கள் மோதி மோதி அதன் படிக அமைப்பு சிதைகிறது. அப்புறம் வாங்கும் ஆற்றல் ஒளியாகாமல் வெப்பமாகவே வீணாகிறது. டிரிட்டியம் என்ற வேறொரு கதிரியக்கப் பொருள் கலந்த பூச்சில் கதை வேறு: அதன் அரை ஆயுளே 12.3 ஆண்டுதான், கதிர் குறைவதால் ஒளியும் குறைகிறது.

இங்கேதான் எனக்குச் சந்தேகம். ஒளி மங்கியதில் படிகச் சிதைவின் பங்கு எவ்வளவு, பூச்சைப் பிடித்துவைக்கும் பசை பழுப்பாகி ஒளியை மறைப்பதன் பங்கு எவ்வளவு? மூடியைத் திறக்காமலே இதைப் பிரித்தறிய வழி உண்டா?

இன்னொன்று, இதுதான் அவசரம். கண்ணாடியில் விரிசல் விட்டிருக்கிறது. பூச்சு உதிர்ந்து தூளாக மூச்சில் போனால் ஆபத்து, ரேடியம் சிதைவதால் உண்டாகும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவும் கசியும். இப்போதைக்கு உறையில் போட்டு, ஆள் புழங்காத அறையில் வைத்திருக்கிறேன். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. இதை முறைப்படி யாரிடம் ஒப்படைக்கலாம்?