மறு: பொசசிவ் குவான்டிஃபயர் - தமிழில் என்ன?

குழுவினருக்கு வணக்கம்.

பாலிடெக்னிக்கில் ஜாவா எடுக்கிறேன். திங்களன்று ரெகெக்ஸ் (எழுத்துவரிசையில் ஒரு வடிவத்தைத் தேடும் குறிமொழி) பாடம், குறிப்பைத் தமிழில் தர வேண்டும். எழுத்து எத்தனை முறை வரலாம் என்று சொல்லும் குறிதான் குவான்டிஃபயர், அதில் மூன்று வகை. வரி இது:

"மதுரை" "கரூர்"

இதில் ".*" (புள்ளி எந்த எழுத்தும், உடுக்குறி எத்தனை முறையும்) என்று மேற்கோள்குறிகளோடு தேடினால் முதல் குறியிலிருந்து கடைசிக் குறிவரை மொத்தமாக வருகிறது. ".*?" என்றால் ஊர்கள் தனித்தனியே வருகின்றன. ".*+" என்றால் ஒன்றுமே கிடைக்காது. புள்ளியும் உடுக்குறியும் வரி முடிவுவரை விழுங்கிவிட்டுத் திருப்பித் தராததால், மூடும் குறிக்கு எழுத்து மிச்சமில்லை. முதல் வகையான கிரீடிக்குப் 'பேராசை', இரண்டாவதான ரிலக்டன்டுக்குத் 'தயக்கம்' என்று போட்டுவிட்டேன். மூன்றாவதான பொசசிவுக்கு 'உடைமை' ஒட்டவில்லை.

---

டீச்சர், பழைய சொல் 'கிழமை' இருக்கிறதே! ஆறாம் வேற்றுமைப் பொருள். சாத்தனது கை, பிரிக்க முடியாது: தற்கிழமை. சாத்தனது பசு, பிரிக்கலாம்: பிறிதின்கிழமை. பின்வாங்கி எழுத்தை விட்டுக்கொடுக்கும் .* பிறிதின்கிழமை, விடாத .*+ தற்கிழமை. எவ்வளவு கச்சிதம் பாருங்கள். ஞாயிற்றுக்கு உரிய நாள் ஞாயிற்றுக்கிழமை. அகப்பொருளில் தலைவன் கிழவன், தலைவி கிழத்தி. எல்லாம் உரிமைப் பொருளே.

---

ஐயா, போர்டில் 'தற்கிழமை' என்று எழுதினால் "எந்தக் கிழமை மிஸ்?" என்பார்கள். 'விடாப்பிடி' போதும்.

அப்புறம் டீச்சர், க்ரூவியில் (ஜாவாவை ஒட்டிய நிரல்மொழி) பிள்ளைகள் வரிக்குள் தேடும் =~ வேண்டிய இடத்தில் ==~ போடுகிறார்களா பாருங்கள். ==~ வரி முழுதும் பொருந்தினால்தான் உண்மை என்னும். அதனால் உங்கள் .*? கூட வேறு வழியில்லாமல் கடைசிக் குறிவரை நீண்டு, .* தரும் விடையையே தரும். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று வகுப்பே குழம்பும்.

---

'விடாப்பிடி' திட்டுவது போல இருக்கிறது. அந்தக் கூட்டல் குறி குறையல்ல. வீணாகப் பின்வாங்கி நேரம் தின்னாமல் இருக்க வேண்டுமென்றே வைப்பது. 'பேராசை'யும் அப்படித்தான், நிரலுக்கு எதற்கு அறநெறி? குவான்டிஃபயரை 'அளவி' ஆக்கி, 'மீளா அளவி' என்றால் என்ன?

---

'மீளா' என்றால் முடிவில்லாமல் ஓடுகிறது என்று நினைக்க மாட்டார்களா? என் ஓட்டு விடாப்பிடிக்கு.

---

எனக்கும் அதுவே. தூக்கம் வருகிறது.

---

சரி, 'விடாப்பிடி' என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். பக்கத்தின் அடியில் தற்கிழமையையும் சிறிய எழுத்தில் போடுகிறேன், ஐயா.

---

அடிக்குறிப்பில் போட்ட சொல் வழக்குக்கு வராது, டீச்சர். என் மறுப்பு அப்படியே இருக்கட்டும். 'பின்வாங்கல்' என்று எல்லோரும் எழுதுகிறீர்கள், அதுவும் சரியில்லை. தனி இழை தொடங்குகிறேன்.