சுவிஸ் மலைக் கணவாய்களில் சைக்கிளும் நடையும்: உங்களுக்கு எதிர்ப்பட்டது என்ன?

வெள்ளவத்தையில் இருந்து:

சுவிஸில் சொந்தக்காரர் இல்லாத கொழும்புத் தமிழ்க் குடும்பத்தைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஆனால் போகிறவர்கள் அநேகமாக பேர்ணிலோ சூரிச்சிலோ நின்று, ஒரு கலியாணம், ஒரு சாமத்தியவீடு, ரைன் நீர்வீழ்ச்சிக்கு முன்னால் ஒரு படம், அதோடு வந்துவிடுவார்கள். கணவாய்ப் பக்கம் சைக்கிள் ஓடியவர்கள், நடந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

நான் போனது ஊர்செரன் பள்ளத்தாக்கு. அண்டர்மட்டில் ரயிலால் இறங்கினால் கிழக்கே ஓபர்அல்ப், தெற்கே கோட்ஹார்ட், மேற்கே ஃபுர்கா என்று மூன்று பக்கமும் கணவாய்தான். அத்தானின் சைக்கிளை வாங்கிக்கொண்டு போனேன். முன் பற்சக்கரத்திலும் பின் பற்சக்கரத்திலும் 34 பல் வருகிற லேசான கியர் இருந்தது, அதைவிடப் பாரமான கியரோடு போகவேண்டாம். மரீன் டிரைவிலும் தியவன்னா ஓயாப் பக்கமும் ஓடிப் பழகிய கால்களுக்கு ஏற்றம் என்றால் மேம்பாலம்தான், கடுகண்ணாவையில் கொஞ்சம் பழகினது உதவியது.

ஃபுர்கா 2429 மீற்றர். எங்கள் சிவனொளிபாதமலை 2243, பிதுருதலாகல 2524. பாதமலை உச்சியையும் தாண்டின உயரத்துக்குத் தார் ரோட்டிலேயே போகிறீர்கள், காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். அண்டர்மட்டில் இருந்து ரியால்ப் என்கிற ஊர் வரை கிட்டத்தட்ட மட்டம், பிறகு ஏறக்குறைய 12 கிலோமீற்றரில் 900 மீற்றர் ஏறவேண்டும். அது முடியாத காரியம் இல்லை. ஒரு வசனத்தை மூச்சு வாங்காமல் சொல்லி முடிக்கிற வேகத்தில் போனால் கொழும்பு ஆள் தாராளமாக ஏறலாம். எல்லோரும் ஏற்றத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள், இறக்கத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை, கஷ்டமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

ஏறும்போது முதலில் சந்தித்தது ஓர் அம்மா. எழுபது தாண்டியிருக்கும், வெள்ளைத் தலைமயிர், ஒட்டின கன்னம். பக்கத்தில் வந்து "ஹொப், ஹொப்!" என்று உற்சாகப்படுத்திவிட்டு என்னைக் கடந்து போனார். பற்றரி இருக்கிறதா என்று அவரின் சைக்கிள் சட்டத்தை மேலும் கீழும் பார்த்தேன். இல்லை.

அடுத்தது மஞ்சள் போஸ்ட் பஸ். ரோடு சில இடங்களில் ஒடுக்கம், ஓரத்தில் தடுப்புச் சுவருக்குப் பதிலாக வரிசையாகக் கற்கள்தான். கண்ணுக்குத் தெரியாத வளைவுகளில் அந்த பஸ் மூன்று சுரத்தில் ஹோர்ன் அடிக்கும், அதைக் கேட்டால் ஓரம் கட்டிவிடவேண்டும், மலை ரோட்டில் அவனுக்குத்தான் முதலிடம். காலி வீதியில் நூறாம் நம்பர் பஸ் அடிக்கிற ஹோர்னைக் கேட்டுக் காது மரத்துப்போன நமக்கு அது சங்கீதக் கச்சேரி. சனி ஞாயிறில் மட்டும் போகாதீர்கள், மோட்டார் சைக்கிள்கள் கூட்டம் கூட்டமாக வரும்.

மேலே தண்ணீர் இரண்டாகப் பிரிகிறது. ரியால்ப் பக்கம் விழுகிற மழை ரொய்ஸ் ஆற்றால் ரைனுக்குப் போய் வட கடலில் சேரும், மற்றப் பக்கம் விழுவது ரோன் ஆற்றோடு மத்தியதரைக் கடலுக்குப் போகும். கொஞ்சம் இறங்கினால் பூட்டிக் கிடக்கிற பழைய பெல்வெடெர் ஹோட்டல், அதன் பின்னால் ரோன் பனியாறு. 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பனியாறு கீழே கிளெட்ச் என்கிற ஊர் வரை வந்து கிடந்ததாம். இப்போது உருகுவதைத் தாமதப்படுத்தப் பனிக்கட்டிக்கு மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருக்கிறார்கள், கிட்டப்போய்ப் பார்த்தால் ஊத்தை பிடித்த, அங்கங்கே கிழிந்த துணி. வடிவான இடம் என்று படம் எடுக்கப் போனவனுக்கு மனசு சரியில்லாமல் போய்விட்டது.

கிளெட்ச்சில் இருந்து திரும்பவும் 400 மீற்றர் ஏறினால் கிரிம்செல் கணவாய், 2164 மீற்றர். அங்கேதான் நான் சொல்லவந்த ஆளைக் கண்டேன். இத்தாலிய மொழி பேசுகிற, என் அப்பா வயது மனுஷன். இறங்குவதற்கு முன் பின்பொக்கற்றில் இருந்து ஒரு பேப்பரை எடுத்தார், ஸிப்பை இறக்கி நெஞ்சில் விரித்து வைத்து ஸிப்பைத் திரும்ப இழுத்தார், பிறகு என் மெல்லிய ஜக்கெட்டைப் பார்த்துவிட்டு மீதித் தாள்களை ஒன்றும் பேசாமல் என்னிடம் நீட்டினார். வாங்கி வைத்துக்கொண்டேன். ஏறும்போது வேர்த்து நனைந்த உடம்பு, அதில் எதிர்காற்று, அதைத் தடுக்கத்தான் அந்தப் பேப்பர். கிரிம்செலில் இருந்து 625 மீற்றரில் இருக்கிற இன்னர்ட்கிர்ஹென் வரை சுமார் 26 கிலோமீற்றர், 1500 மீற்றருக்கும் மேல் ஒரே இறக்கம், மிதிக்க வேலையே இல்லாததால் உடம்பும் சூடாகாது. ஆகஸ்ட் மாதத்தில் விரல் விறைத்து, பிரேக்கைப் பிடித்திருக்கிறேனா விட்டிருக்கிறேனா என்றே தெரியவில்லை. முழுவிரல் கிளவுஸ், காற்றுப் புகாத ஜக்கெட், இரண்டும் கட்டாயம். சில்லின் விளிம்பைப் பிடிக்கிற பழைய வகை பிரேக் என்றால் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இறங்காதீர்கள், விளிம்பு கொதித்து டியூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன் நன்றாக அழுத்திவிட்டு அப்புறம் விடவேண்டும்.

தெஹிவளையில் இருந்து:

அண்ணா, நாங்கள் சைக்கிள் இல்லை, நடை. நானும் சித்தியும் ஓபர்அல்ப்பில் இருந்து தோமா ஏரிக்குப் போனோம், ரைன் ஆறு தொடங்குகிற இடம் என்று சொல்வார்கள், 2345 மீற்றர். அங்கே மஞ்சள் பலகையில் தூரம் போடமாட்டார்கள், எத்தனை மணித்தியாலம் என்றுதான் இருக்கும், அது அவர்களின் நடைக்கு. எங்களுக்கு ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லில் வெள்ளை, சிவப்பு, வெள்ளை கோடு இருந்தால் மலைப்பாதை, வெள்ளை, நீலம், வெள்ளை கண்டால் அது கயிறும் அனுபவமும் உள்ளவர்களுக்கு, திரும்பிவிடுங்கள்.

எதிர்ப்பட்டது என்று கேட்டால், நாய். தெருநாய் இல்லை, ஆட்டு மந்தைக்குக் காவல் நிற்கிற பெரிய வெள்ளை நாய்கள். சுவிஸில் ஓநாய்கள் திரும்ப வந்துவிட்டன, 2012இல் கலண்டா மலையில் முதல் கூட்டம் குட்டி போட்டதில் இருந்து இந்த நாய்களும் பல இடங்களில். இரண்டு நாய் குரைத்துக்கொண்டு ஓடி வந்ததும் சித்தி என்ன செய்தா தெரியுமா, கல்லெடுக்கக் குனிந்தா! தெஹிவளையில் குனிந்தாலே நாய் ஓடிவிடும், கல் தேவையே இல்லை. பின்னால் வந்த ஒரு பெண் சித்தியின் கையைப் பிடித்து நிறுத்தினாள். கல்லும் தடியும் வேண்டாம், ஓடவேண்டாம், நாயின் கண்ணைப் பார்க்கவேண்டாம், அப்படியே நில்லுங்கள், அது மணந்து பார்த்துவிட்டுப் போகும் என்றாள். ஒரு நாய் என் தோள்பையை வடிவாக மணந்தது, உள்ளே மீன் அடைத்த மாலுபான் இருந்தது. அப்புறம் மந்தையைச் சுற்றிக்கொண்டு நடந்தோம். சைக்கிளில் வருபவர்கள் இறங்கி உருட்டிக்கொண்டு போகவேண்டுமாம்.

கன்றோடு நிற்கிற பசுவும் அப்படித்தான். சித்திக்குப் பசுவைக் கண்டால் தொட்டுக் கும்பிடவேண்டும். தள்ளி நிற்கச் சொல்லிப் பலகை போட்டிருக்கிறார்கள், கன்றுக்குப் பக்கத்தில் ஆள் போனால் தாய் முட்ட வரும். தூரத்தில் நின்று கும்பிடச் சொல்லி ஒருமாதிரிச் சமாளித்தேன்.

மர்மொட் என்கிற கொழுத்த அணில் இனத்துப் பிராணியும் நிறைய. ஆளைக் கண்டதும் விசில் அடித்துவிட்டுப் பொந்துக்குள் போய்விடும். காட்டு ஆட்டைப் பார்க்க ஆசைப்பட்டோம், கிடைக்கவில்லை. ஒரு காலத்தில் சுவிஸில் அடியோடு அழிந்து, இத்தாலிய அரசரின் வேட்டைக்காட்டில் இருந்து குட்டிகளைக் கள்ளமாகக் கடத்திவந்து வளர்த்து, 1911இல்தான் திரும்ப மலையில் விட்டார்களாம். எல்லோரும் பெருமையாகச் சொல்லுகிற கள்ளக் கடத்தல்!

கொட்டாஞ்சேனையில் இருந்து:

தம்பி, தங்கச்சி, இரண்டு பேரும் வடிவாக எழுதியிருக்கிறீர்கள். நான் கடை போடுவதற்கு முன் சுவிஸில் ஒரு கணவாய் ஹோட்டல் குசினியில் வேலை செய்தவன். அங்கே எத்தனையோ இடங்களில் குசினிக்குள் எங்கள் ஆட்கள்தான். ஜூன் அளவில் பனியை வெட்டி ரோட்டைத் திறப்பார்கள், ஒக்டோபரில் பெரும்பாலும் சீசன் முடியும். அதற்கிடையிலும் ஆகஸ்டில்கூடப் பனி கொட்டின நாள் உண்டு, ஆகவே வெளிக்கிட முன் கணவாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சைக்கிள்காரர் வந்தால் மக்கரோனியும் உருளைக்கிழங்கும் சீஸும் சேர்த்துச் செய்கிற சாப்பாட்டைத்தான் கேட்பார்கள், பக்கத்தில் ஆப்பிள் மசியல் வைப்போம். முதலில் எனக்கும் அது விசர்ச் சாப்பாடாகத் தெரிந்தது. பசியோடு ஏறி வந்தவன் தட்டை வழித்துத் துடைப்பதைப் பார்த்த பிறகு வாய் திறக்கவில்லை. எங்கள் ஊரில் இருந்து வந்தவர்களும் வருவார்கள், கன்வஸ் சப்பாத்து, ரீசேட், தோளில் கமெரா. கோட்டு எங்கே என்று கேட்டால் கீழே வெயில் அண்ணை என்பார்கள். கீழே வெயில்தான், அதற்கு மேலே ஆயிரம் மீற்றருக்கு ஆறு பாகையாவது குறையும், பிறகு காற்று.

இன்னொன்று, போனில் 1414 பதிந்து வையுங்கள், அது ஹெலிகொப்டர் மீட்புச் சேவை. சிக்னல் இல்லாவிட்டால் ஒரு நிமிடத்துக்கு ஆறு தரம் விசில் அல்லது டோர்ச், பிறகு ஒரு நிமிடம் நிறுத்தி, திரும்பவும். ஆல்ப்ஸ் முழுக்க அதுதான் ஆபத்துச் சைகை.

வெள்ளவத்தையில் இருந்து:

கன்வஸ் சப்பாத்து நான் இல்லை அண்ணை! சைக்கிள் பற்றிக் கேட்டவர்களுக்கு: ரயிலில் சைக்கிளுக்கும் தனி டிக்கெட் எடுக்கவேண்டும், கணவாய் போகிற போஸ்ட் பஸ்ஸில் ஏற்றுவதென்றால் முன்கூட்டியே இடம் பதிந்துவிடுங்கள். எனக்கு ஒரு கேள்வி. கோட்ஹார்ட்டில் இருந்து ஐரோலோவுக்கு இறங்குகிற பழைய திரெமோலா ரோடு பெரும்பகுதி கல் பதித்தது. மெல்லிய டயரோடு அதில் இறங்கினவர்கள் யாராவது உண்டா, மழை பெய்தால் எப்படி? அதில் இறங்கி ஐரோலோவில் இருந்து 2478 மீற்றர் நுஃபெனன் கணவாய் ஏறலாம் என்று பார்க்கிறேன்.