பறவைக் காய்ச்சல்: உயிரோடு நின்றவை மட்டுமே கணக்கில்

முட்டைப் பண்ணை நடத்தும் உறுப்பினர்:
முதல் நாள் ஒரு கூண்டு வரிசையில் ஒன்பது கோழிகள் செத்துக் கிடந்தபோது, வெள்ளைக்கழிச்சல் என்றே நினைத்தேன். தடுப்பூசி போட்ட மந்தையிலும் சில வேளை அது தலைகாட்டும் என்பதால், தண்ணீரில் மருந்து கலந்துவிட்டு இரண்டு நாள் காத்திருந்தேன். மூன்றாம் நாள் காலையில் பல கோழிகளுக்குக் கொண்டை நீலம் பாரித்து முகம் வீங்கியிருந்தது. கொட்டகையின் ஒரு பகுதியே சத்தமடங்கிப் போயிருந்தது. அதன் பிறகுதான் கால்நடைத் துறைக்குத் தகவல் சொன்னேன். பறவைக் காய்ச்சல் என்று ஆய்வக முடிவு வந்ததும், நோய் பரவாமல் இருக்க மந்தையை அழிக்கும் குழுவினர் வந்து, உயிரோடு நின்ற கோழிகளை வரிசை வரிசையாக எண்ணி, பதிவேட்டில் ஏற்றி, என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். அழிக்கப்படும் பறவைக்கு இழப்பீடு உண்டு, நோயில் மாண்டதற்கு இல்லை என்பதை அப்போதுதான் அறிந்தேன். அந்த இரண்டு நாளில் போனவை கொட்டகைக்குப் பின்னால் சாக்கு மூட்டைகளில் கிடந்தன. அவை எந்தக் கணக்கிலும் சேரவில்லை.

கால்நடை மருத்துவரான உறுப்பினர்:
இந்தியாவிலும் அமெரிக்காவிலும் விதி இப்படித்தான் இருக்கிறது. செத்ததற்கும் பணம் உண்டு என்றால் சீக்கிரம் சொல்ல வேண்டிய அவசரம் யாருக்கும் இராது. ஆனால் இழப்பீட்டைக் காலம் தாழ்த்திக் கொடுத்தால், அடுத்த முறை பக்கத்துப் பண்ணைக்காரர் வாயைத் திறக்கமாட்டார். இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, காலணியில் அப்பிய எச்சத்தைத் தேய்த்துக் கழுவாமல் கிருமிநாசினித் தொட்டியில் கால் வைப்பதால் பயன் இல்லை, ஏனெனில் அழுக்கே மருந்தின் வீரியத்தைக் குறைத்துவிடும். அழிப்புப் பணிக்கு வந்தவர்களிலேயே பாதிப் பேர் இதைச் செய்யாமல் உள்ளே போனார்கள்.

கண்காணிப்பு மண்டலத்துக்குள் சிக்கிய உறுப்பினர்:
இந்தியாவின் பறவைக் காய்ச்சல் செயல்திட்டப்படி நோய் கண்ட இடத்திலிருந்து 1 கி.மீ. வரை தொற்று மண்டலம், அதற்கு அப்பால் 10 கி.மீ. வரை கண்காணிப்பு மண்டலம். ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்வட்டம் 3 கி.மீ. என்று வைத்திருக்கிறார்கள். என் பண்ணை வெளிவட்டத்தில் இருந்தது. கோழிகள் நன்றாகவே முட்டையிட்டன, ஆனால் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு தட்டு முட்டைகூட வெளியே போகக்கூடாது. அட்டைத் தட்டுகளைக் கழுவிச் சுத்தப்படுத்த முடியாது என்பதால், நோய் கண்ட பண்ணையிலிருந்து வந்திருந்தவற்றை எரிக்கச் சொன்னார்கள். பிளாஸ்டிக் தட்டுகளை மருந்து நீரில் ஊறவைத்து மீண்டும் பயன்படுத்தினேன். தீனி லாரி வாசலிலேயே நின்றது, மூட்டைகளை உள்ளிருந்த ஆட்களே இறக்கிச் சுமந்தார்கள். தொண்டையிலும் எச்சவாயிலும் பஞ்சுக் குச்சியால் எடுத்த மாதிரிகளில் நோய் இல்லை என்ற கடைசி முடிவு வந்த பிறகே முதல் முட்டை வண்டி வெளியேறியது.