முதுகில் கம்பி வைத்த தங்கைக்குப் பேறுகாலம்: ஊசி போட முடியுமா, சுகப்பிரசவம் ஆகுமா?

குலசேகரம்_அக்கா

தங்கைக்கு 15 வயசில் ஸ்கோலியோசிஸ் (முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது) ஆப்பரேஷன் ஆச்சு. பின்பக்கம் திறந்து ரெண்டு ராடும் ஸ்க்ரூவும் வச்சிருக்காங்க. டிஸ்சார்ஜ் சம்மரியில் டி4 முதல் எல்3 வரை என்று எழுதியிருக்கு, அதாவது நெஞ்சுப் பகுதி முதுகெலும்பில் நாலாவது முதல் இடுப்புப் பகுதியில் மூணாவது வரை. காரணம் தெரியாத வளைவு என்றுதான் அப்போ சொன்னாங்க. இப்போ வயசு 26, கர்ப்பம் 14 வாரம். கோயம்புத்தூரில் காட்டுறாங்க, ஏழாம் மாசம் இங்க கூட்டிட்டு வந்து பேறுகாலம் பார்க்கலாம்னு பேச்சு.

கேட்க வேண்டியது: கம்பி இருக்கிற முதுகில், பிரசவ வலி தெரியாமல் இருக்கவும் சிசேரியனுக்கும் மரக்கப் போடுகிற ஊசி போட முடியுமா? சுகப்பிரசவத்தில் முக்கும்போது கம்பிக்கு ஏதும் ஆகுமா? இப்பவே இடுப்பு வலி இருக்கு, என்ன செய்யலாம்? பேறுகாலத்துக்குப் பிறகு வேது குளி (மூலிகை போட்ட வெந்நீர்க் குளியல்) வைக்கலாமா என்று அம்மா கேக்குறாங்க. பிள்ளைக்கும் வளைவு வருமா என்று மாமியார் வீட்டில் ஒரு பேச்சு ஓடுது.

மயக்கவியல்_நாகர்கோவில்

ஊசி விஷயத்தை நான் சொல்றேன். எல்லாமே கம்பி எந்த எலும்பில் முடியுது என்பதைப் பொறுத்தது. தண்டுவடம் பெரியவங்களுக்கு எல்1, எல்2 பக்கத்தில் முடிஞ்சிடும். அதனால் ஊசி எப்பவும் அதுக்குக் கீழே, எல்3-4 அல்லது எல்4-5 இடைவெளியில்தான் போகும். கம்பி எல்1-ல் நின்றுவிட்டால் ஊசி போகிற இடத்தில் யாரும் கைவைக்கவே இல்லை என்று அர்த்தம். தங்கைக்கு எல்3 வரை. எல்3-4 இடைவெளி கடைசி ஸ்க்ரூவை ஒட்டி வரும், உள்தழும்பு அங்கே இறங்கியிருக்கலாம். அதுக்குக் கீழே எல்4-5, எல்5-எஸ்1 (எஸ்1 என்பது இடுப்புக்கூட்டோடு சேரும் எலும்பு) ரெண்டும் ஆப்பரேஷனில் கைபடாமல் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். இடம் இருக்கு.

வெளியே தெரிகிற தழும்பை வைத்து இதைக் கணக்குப் போடாதீங்க. தோல் தழும்பு கம்பியைவிட ஒரு எலும்பு மேலேயோ கீழேயோ முடியும். ஆப்பரேஷன் முடிந்தபின் எடுத்த முழு முதுகு எக்ஸ்ரே வேண்டும், நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. வீட்டில் இல்லையென்றால் ஆப்பரேஷன் நடந்த ஆஸ்பத்திரி ரெக்கார்ட்ஸில் கேளுங்க. ஆப்பரேஷன் நோட்ஸும் சேர்த்துக் கேளுங்க. கிடைக்கவே இல்லையென்றால் டாக்டர் ஒரு படம் எடுக்கச் சொல்லலாம். இடுப்புப் பகுதி எக்ஸ்ரேயில் வயிற்றுப்பிள்ளைக்குப் போகிற கதிர் சில மில்லிகிரே (கதிர் அளவின் அலகு); கவலைப்பட வேண்டிய 50 மில்லிகிரேக்கு வெகு கீழே. இருந்தாலும் பழைய படம் கிடைத்தால் புதுசு எதுக்கு?

அடுத்து, முதுகில் போடுகிற ஊசி ரெண்டு வகை: எபிடியூரல், ஸ்பைனல். ரெண்டும் ஒன்றல்ல. எபிடியூரலில் மருந்து தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறைக்கு வெளியே ஒரு மெல்லிய இடுக்கில் பரவணும். ஆப்பரேஷன் ஆன இடத்தில் அந்த இடுக்கு ஒட்டிப்போய் இருக்கும். கீழே சரியாகவே போட்டாலும் மருந்து மேலே ஏறும்போது தடைபட்டு ஒரு பக்கம் மரத்து மறுபக்கம் வலி அப்படியே நிற்கலாம். உறையில் ஓட்டை விழுகிற வாய்ப்பும் சாதாரண முதுகைவிடக் கூடுதல். விழுந்தால் உட்கார்ந்தாலே தலையைப் பிளக்கிற வலி வரும். அதுக்கு வழக்கமாகச் செய்கிற, சொந்த ரத்தத்தை எடுத்து முதுகில் செலுத்துகிற வைத்தியமும் இந்த முதுகில் லேசில் நடக்காது. ஸ்பைனலில் மருந்து நேராக தண்டுவட நீரில் கலக்கிறதால் வெளியே உள்ள தழும்பு அதைத் தடுக்காது. சிசேரியன் என்று வந்தால் ஸ்பைனல்தான் நம்பகமானது. ஒருதடவை போட்டால் ஒன்றரை முதல் ரெண்டு மணி நேரம் நிற்கும். மருந்து எவ்வளவு உயரம் ஏறும் என்பதை இந்த முதுகில் முன்கூட்டிச் சொல்ல முடியாது; ஆகவே மரத்த அளவை ஐஸ் வைத்துப் பார்த்து உறுதி செய்த பிறகே கத்தி வைக்க விடணும்.

போடும்போது "இறால் மாதிரி வளைஞ்சு உட்காரும்மா" என்று வழக்கமாகச் சொல்லுவாங்க. இணைத்த முதுகு வளையாது. கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, பாதத்தை ஸ்டூலில் ஏற்றி, தொடை வயிற்றை நோக்கி வரும்படி செய்தால் கீழ் இடைவெளிகள் ஓரளவு திறக்கும். கீழே வளைவு மிச்சம் இருந்தால் எலும்பு திரும்பி நிற்கும். நடுக்கோட்டில் குத்திக்கொண்டே இருப்பதைவிட வளைவின் வெளிப்பக்கமாகச் சற்று விலகிப் போவது சுலபம். அல்ட்ராசவுண்டு வைத்து இடைவெளியைக் குறித்துக்கொண்டால் குத்துகிற எண்ணிக்கை குறையும்.

நீங்க செய்ய வேண்டியது: 28 முதல் 32 வாரத்துக்குள், பேறுகாலம் நடக்கப்போகிற அதே ஆஸ்பத்திரியில் மயக்க டாக்டரைப் பாருங்க. கோயம்புத்தூரில் பார்த்துவிட்டு இங்கே பெற்றால் அந்தப் பேச்சு பாதிதான் உதவும்.

கர்ப்பப் பதிவில் "காரணம் தெரியாத வளைவு" என்று தெளிவாக எழுதச் சொல்லுங்க. வளைவுக்கு வேறு காரணம் இருந்தால் கதையே மாறும். தசைநோயால் வந்த வளைவு என்றால் சில மயக்க மருந்துகள் ஆபத்து. மார்ஃபான் (இணைப்புத் திசுவைப் பலவீனமாக்கும் பரம்பரை நோய்) என்றால் இதயத்தின் பெருந்தமனியை எக்கோவில் (இதய ஸ்கேன்) பார்க்கணும். பிறவி வளைவில் தண்டுவடம் கீழே இழுத்துக்கட்டப்பட்டு இருக்கலாம், அப்போ எம்ஆர்ஐ பார்க்காமல் ஊசி போடக்கூடாது.

கொட்டாரம்_வாசகர்

இவ்வளவு சிக்கல் எதுக்கு? நாள் குறிச்சு சிசேரியன் பண்ணிட்டா ஊசிப் பிரச்சினையே இல்லையே.

மயக்கவியல்_நாகர்கோவில்

சிசேரியனுக்கும் ஊசி அதே முதுகில்தான் சார். சுகப்பிரசவம் ஊசியே இல்லாமல் ஆகலாம். சிசேரியன் ஸ்பைனல் அல்லது முழு மயக்கம் இல்லாமல் ஆகாது. கம்பி இருக்கு என்ற ஒரே காரணத்துக்காக அறுக்கிற பழக்கம் இருக்கு, அதுக்கு மருத்துவ நியாயம் இல்லை. பிள்ளை இறங்குகிற வழி இடுப்புக்கூடு. காரணம் தெரியாத வளைவில் இடுப்புக்கூடு பொதுவாக ஒழுங்காகவே இருக்கும். சின்ன வயசிலேயே கடுமையாக வளைந்தவங்க, தசைநோய் உள்ளவங்க, இவங்களுக்குத்தான் இடுப்புக்கூடே கோணலாக இருக்க வாய்ப்பு. அங்கே சிசேரியன் முன்கூட்டியே பேசணும்.

ஸ்பைனல் சரியாக ஏறாவிட்டால் முழு மயக்கம் கொடுப்பாங்க. அதனால்தான் முன்கூட்டிப் பார்க்கும்போது வாய் எவ்வளவு திறக்குது, கழுத்து எவ்வளவு பின்னால் போகுது என்றும் பார்ப்பாங்க. டி4-ல் தொடங்கிய கம்பி கழுத்தைத் தொடாது.

மூச்சு விஷயம் விட்டுப்போச்சு. ஆப்பரேஷனுக்கு முன் வளைவு எத்தனை டிகிரி என்று சம்மரியில் இருக்கும். பெரிய வளைவாக இருந்திருந்தால், அல்லது படி ஏறினாலே வழக்கத்துக்கு மீறி இளைத்தால், ஸ்பைரோமெட்ரி (ஊதிப் பார்க்கிற நுரையீரல் சோதனை) எடுக்கச் சொல்லுங்க. எடுக்கிறவங்களிடம் உயரத்துக்குப் பதில் ரெண்டு கையையும் விரித்த அகலத்தைப் போடச் சொல்லணும். வளைந்த முதுகில் உயரம் குறைவாகக் காட்டும். அதை வைத்துக் கணக்குப் போட்டால் நுரையீரல் உள்ளதைவிட நல்லாயிருக்கிற மாதிரி விழுக்காடு வரும். எதிர்பார்க்கும் அளவில் 50 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் எக்கோவும் மார்பு நோய் டாக்டரும் வேண்டும்.

தக்கலை_பிசியோ

இடுப்பு வலிக்கு வருவோம். டி4 முதல் எல்3 வரை ஒரே எலும்பாகிவிட்டதால் குனிவது நிமிர்வது எல்லாம் மிச்சமுள்ள எல்3-4, எல்4-5, எல்5-எஸ்1 என்ற மூன்று இடத்திலும் இடுப்பு மூட்டிலும்தான் நடக்கணும். கர்ப்பத்தில் மூட்டுத் தசைநார்கள் வேற தளரும். வயிறு முன்னால் தள்ளும்போது மற்றவங்க மேல்முதுகையும் சேர்த்து வளைத்துச் சமாளிப்பாங்க, இவங்களால் முடியாது. வலி வருவது ராடு ஆடுவதால் அல்ல. ஆப்பரேஷன் ஆகி 11 வருஷம் ஆச்சு, எலும்பு பிடித்துவிட்டால் சுமை எடுப்பது எலும்புதான், ராடு சும்மா கூட இருக்கு. முக்கும்போது அது கழலுமோ உடையுமோ என்று பயப்பட வேண்டாம்.

செய்யக்கூடியது: இடப்பக்கம் சாய்ந்து படுக்கணும், முழங்காலுக்கு நடுவில் தலையணை, வயிற்றுக்குக் கீழே மடித்த துணி. எழும்பும்போது உடம்பை மரக்கட்டை மாதிரி ஒரே துண்டாகப் புரட்டி, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழும்பணும். பெல்ட் வேணும்னா இடுப்பெலும்பைச் சுற்றிக் கீழே கட்டுகிற பெல்ட். வயிற்றையும் முதுகையும் உயரமாக இறுக்குகிறது மூச்சுக்குத் தொந்தரவு, இவங்க உடம்புக் கூடு ஏற்கெனவே குட்டை. நாலு காலில் நின்று ஒரு கையையும் எதிர்க்காலையும் நீட்டுகிற பயிற்சி ரொம்ப நல்லது. "பூனை மாதிரி முதுகை வளைங்க" என்று வகுப்பில் சொன்னால் அதை விட்டுடணும், வளையாத முதுகை வளைத்தால் மூன்று கீழ் மூட்டும்தான் சிக்கும்.

மாத்திரை பாராசிட்டமால் மட்டும், டாக்டரைக் கேட்டு. மெடிக்கல் ஷாப்பில் சும்மா தருகிற டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வேண்டவே வேண்டாம். 20 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீர் குறையும், கடைசி மாதங்களில் பிள்ளையின் இதய ரத்தக்குழாய் ஒன்று முன்னதாகவே மூடிக்கொள்ளும். தேய்க்கிற ஜெல்லிலும் அதே மருந்து இருக்கு, பெயரை வாசிச்சுப் பாருங்க.

கால் திடீரென்று பலம் இழந்தால், மூத்திரம் போவது தெரியாவிட்டால், உட்காரும் இடம் மரத்தால் அது கர்ப்ப வலி அல்ல, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

பிரசவ நேரத்தில் மல்லாக்கப் படுத்து முகவாயை நெஞ்சில் வைத்து முக்கச் சொன்னால் இவங்களால் சரியாக முடியாது. இடப்பக்கம் சாய்ந்து மேல்காலைத் தூக்கிப் பிடித்து முக்கலாம், முழங்காலிட்டு முன்னால் சாய்ந்தும் முக்கலாம். லேபர் வார்டில் இதை முன்னாடியே சொல்லி வையுங்க.

பேறுகால_நர்ஸ்_கல்குளம்

அக்கா, வேது குளி பத்தி யாரும் பேசல்ல, நான் சொல்லுதேன். குளி வைக்கலாம். ஆனா முதுகுத் தழும்பைச் சுத்தி பலருக்கும் தொட்டா தெரியாது. வெந்நிய முதுகில வீசி ஊத்தினா சுடுதுன்னு அந்தப் பிள்ளைக்குத் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் பாக்கிறது. ஊத்துறவங்க தன் முழங்கையை முக்கிப் பாத்து, தாங்குற சூட்டில மெதுவா ஊத்தணும். எண்ணெய் போட்டுத் தேய்க்கிறவங்க தழும்புக்கு ரெண்டு பக்கமும் கட்டைவிரலை அழுத்தி இழுப்பாங்க, மெலிஞ்ச உடம்பில ஸ்க்ரூத் தலை தோலுக்கடியிலேயே தட்டுப்படும். அங்க அழுத்தாண்டாம். காலும் தோளும் பிடிச்சா போதும். சிசேரியன் ஆனா தையல் ஆறுற வரை வயித்துல வெந்நி வீசாண்டாம்.

தாய் சேய் நல அட்டையில முதல் பக்கத்திலேயே "முதுகுத்தண்டில் கம்பி, டி4 முதல் எல்3" என்று சிவப்பு மையில எழுதி வாங்குங்க. பிக்மி (அரசோட கர்ப்பிணிப் பதிவு) பதிவிலயும் ஆபத்துக் கர்ப்பம் என்று குறிக்கச் சொல்லணும். எக்ஸ்ரேயை போன்ல படம் பிடிச்சு வீட்டுல நாலு பேர்கிட்ட வையுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு வலி வந்தா பீரோவில படம் தேட முடியாது.

இடம்: மயக்க டாக்டர் 24 மணி நேரமும் இருக்கிற இடம்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில செக்கப் பண்ணலாம், பேறுகாலம் அங்க வேண்டாம். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் உண்டு. மூச்சு, இதயம் ஏதும் சிக்கல்னு சொன்னா திருவனந்தபுரம் எஸ்ஏடி ஆஸ்பத்திரி வரை யோசிக்கலாம், ஆனா அதுக்கு முன்னாடியே அங்க பதிஞ்சிருக்கணும். குலசேகரத்தில இருந்து வலியோட கிளம்பிப் போறது முறையில்ல.

வயிறு டேப் அளவு வாரக் கணக்குக்கு ஒத்துப்போகாம இருக்கலாம், உடம்புக்கூடு குட்டையானதால. அளவு பாத்துப் பதறாண்டாம், வளர்ச்சி ஸ்கேனை நம்புங்க.

குலசேகரம்_அக்கா

ரொம்ப நன்றி. எக்ஸ்ரே அப்பாவிடம் இருக்கு, தேடி எடுத்தாச்சு. ரெண்டு கேள்வி. சிசேரியன் ஆனா கரண்ட் கத்தி (மின்சாரத்தால் அறுத்து ரத்தத்தை நிறுத்துற கருவி) வைக்கும்போது கம்பி சூடாகுமா? மாமியார் வீட்டுப் பேச்சுக்கு என்ன பதில்?

மயக்கவியல்_நாகர்கோவில்

கரண்ட் போய்த் திரும்புகிற பாதையில் கம்பி வரக்கூடாது, அவ்வளவுதான். கரண்டைத் திரும்ப வாங்குகிற ஒட்டுத் தகட்டைத் தொடையில் ஒட்டினால் அறுக்கிற இடத்துக்கும் தொடைக்கும் நடுவில்தான் கரண்ட் ஓடும், முதுகு வெளியே. தியேட்டரில் கம்பி இருக்கு என்று சொன்னாலே போதும். கம்பிக்காக என்று தனியாக ஆன்டிபயாட்டிக் தேவையில்லை, சிசேரியனுக்கு வழக்கமாகக் கொடுக்கிற ஒரு டோஸே போதும்.

பிள்ளைக்கு வருமா என்றால்: காரணம் தெரியாத வளைவு குடும்பத்தில் ஓடும், தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று. அதில் பெரும்பாலும் சின்ன வளைவு, ஆப்பரேஷன் வரை போகாது. கர்ப்பத்தில் சாப்பிட்டதாலோ குனிந்ததாலோ வருவதில்லை. பெண்பிள்ளை என்றால் 10 வயசிலிருந்து வருஷத்துக்கு ஒருதடவை, சட்டையைக் கழற்றி, கால் சேர்த்து, கைகளைக் கூப்பித் தொங்கவிட்டுக் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்க. முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால் எலும்பு டாக்டரிடம் காட்டணும். ஆண்பிள்ளைக்கு ரெண்டு வருஷம் பிந்தி ஆரம்பித்தாலும் சரி.

தக்கலை_பிசியோ

பேறுகாலத்துக்குப் பிறகு பால் கொடுக்கும்போது பிள்ளைகிட்ட குனியாம, தலையணையை அடுக்கிப் பிள்ளையை மார் உயரத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்க. தொட்டில் துணியை இடுப்பு உயரத்துக்குக் கட்டுங்க. தரையில் பாய் போட்டுப் பிள்ளையைக் குளிப்பாட்டுறதை முதல் மூணு மாசம் அம்மாவே பார்த்துக்கட்டும்.