பாலம் ஏறும்போது வண்டி உதறுது, ஆர்பிஎம் எவ்வளவு வைக்கணும்?

கொருக்குப்பேட்டை வாசி:
வணக்கம். 1000 சிசி, மூணு சிலிண்டர் பெட்ரோல் கார், செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. தினமும் பேசின் பிரிட்ஜ் வழியா சென்ட்ரல் பக்கம் வேலைக்குப் போறேன். ஆர்பிஎம் (எஞ்சின் ஒரு நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுங்கிற கணக்கு) 2000 தாண்டினா பெட்ரோல் குடிக்கும்னு சொன்னாங்க, அதனால சீக்கிரமே நாலாவது கியர் போட்டுடுவேன். பாலம் ஏறும்போது ஆர்பிஎம் மீட்டர் முள் 1300-க்கு இறங்கி வண்டி உதறுது. முழுசா மிதிச்சாலும் பிக்கப் இல்ல, ஏசி போட்டா இன்னும் மோசம். எஞ்சின் வேலை வருமா?

ராயபுரம் மெக்கானிக்:
தம்பி, எஞ்சின்ல யாரையும் கை வைக்க விடாதீங்க. முதல்ல கியரை இறக்கிப் பாருங்க. ஏத்தம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மூணாவது, லாரி பின்னாடி ஊர்ந்து போனா ரெண்டாவது. முள் 2500, 3000 கிட்ட நிக்கட்டும். உதறல் நின்னுட்டா எஞ்சின் நல்லாத்தான் இருக்கு.

பெட்ரோல் மிச்சம்னு 1300-ல அமுக்கி ஓட்டுறதுதான் கெடுதல். அந்த வேகத்துல லோடு ஏத்தினா பெட்ரோல் தாறுமாறா எரிஞ்சு நாக்கிங், அதாவது எஞ்சின் உள்ள தட்டுற சத்தம் வரும், பிஸ்டனும் பேரிங்கும் அடி வாங்கும். சமதளத்துல 2000 போதும், யார் வேணாம்னா? ஏத்தத்துக்கு அந்தக் கணக்கு ஆகாது.

வண்ணாரப்பேட்டை:
அண்ணன் சொன்னதுக்கு இதோ கணக்கு. டார்க்கை, அதாவது எஞ்சினோட முறுக்கு விசையை, ஆர்பிஎம்மால பெருக்கி 9549-ஆல வகுத்தா பவர் கிலோவாட்ல வரும். உங்க வண்டி மாதிரியே 1000 சிசி, மூணு சிலிண்டர் இருக்கிற பழைய வேகன்ஆர் கே10 எஞ்சினோட அதிகபட்ச டார்க் 90 நியூட்டன் மீட்டர், 3500 ஆர்பிஎம்ல. அங்க பவர் 33 கிலோவாட். 1300-ல அதே 90 கிடைக்குதுன்னே வச்சாலும் 12 கிலோவாட்தான். நிஜத்துல அவ்வளவுகூட வராது, அதுல ஏசி வேற பிடுங்கும். உச்ச பவர் 68 பிஎஸ், அதாவது 50 கிலோவாட், 6200-லதான் வரும், ஆனா பாலம் ஏற அவ்வளவு விரட்ட வேண்டியதில்ல.

கொருக்குப்பேட்டை வாசி:
மூணாவதுல 2700 வச்சு ஏறிப் பார்த்தேன், உதறலே இல்ல. ரொம்ப நன்றி அண்ணே. இன்னொண்ணு: எண்ணூர் ரோட்டுல நாலாவது கியர்ல கன்டெய்னரை முந்த மிதிச்சா, முள் சட்டுனு எகிறுது, வேகம் ஏற மாட்டேங்குது.

ராயபுரம் மெக்கானிக்:
அது வேற விஷயம், தள்ளிப் போடாதீங்க. ஒரே கியர்ல முள்ளும் வேகமும் சேர்ந்துதான் ஏறணும். முள் மட்டும் எகிறினா கிளட்ச் வழுக்குது. கிளட்ச் பெடல்ல ஃப்ரீ பிளே, அதாவது மிதிச்சதும் முதல்ல லேசா சும்மா இறங்குற தூரம், இருக்கா பாருங்க. கேபிள் இழுத்துக்கிட்டு இருந்தா அட்ஜஸ்ட் பண்ணினாலே சரியாகலாம். இல்லன்னா கியர் பாக்ஸ் இறக்கணும். இறக்கினா கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூணையும் சேர்த்தே மாத்துங்க, கூலி ஒரு தடவையோட போகும். அதுவரைக்கும் கன்டெய்னரை முந்தவே முந்தாதீங்க தம்பி, பாதி முந்தும்போது வண்டி இழுக்கலன்னா எதிர்ல வர்றவனுக்கும் ஆபத்து.